சீம்பாலும் பத்தியமும்

மதீனா நகரின் தொழுகைத் திடலில் ஓரிரவு வணிகக் கூட்டமொன்று வந்து தங்கியது. அவர்களின் உடைமைகளைக் கள்வர் கொண்டு போகாதிருக்க, கலீபா உமர் (ரலி) அவர்களும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் தாமே காவல் இருந்தனர். நள்ளிரவில் ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டது. உமர் (ரலி) அத்தாயிடம் சென்று, இறைவனை அஞ்சிக் குழந்தையைப் பேணுமாறு கூறித் திரும்பினார்கள். அழுகை நின்றபாடில்லை. இரண்டாம் முறையும் சென்றார்கள். விடியுமுன் மூன்றாம் முறை சென்றபோது சற்றுக் கடிந்தே பேசினார்கள். எதிரில் நிற்பவர் யாரென்று அறியாத அத்தாய், தான் பால் மறக்கச் செய்வதாகவும் பிள்ளை இணங்க மறுப்பதாகவும் சொன்னாள். இத்தனை இளம் பிள்ளைக்கு ஏன் இந்த அவசரம் என்று வினவ, பால்குடி மறந்த பிள்ளைக்கு மட்டுமே உமர் உதவித்தொகை கொடுக்கிறார் என்று விடை வந்தது. அன்று வைகறைத் தொழுகையில் கலீபா ஓதியதை அவர்களின் விம்மலினூடே மக்களால் தெளிவாகக் கேட்க இயலவில்லை. தொழுகை முடிந்ததும், இஸ்லாத்தில் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பிறந்த நாள் முதலே உதவித்தொகை உண்டு. பால் மறக்கச் செய்ய விரையாதீர் என்று நகரெங்கும் பறையறையச் செய்தார்கள்.

ஹிஜ்ரி 230-இல் மறைந்த இப்னு ஸஅத் தமது 'தபகாத்' நூலில் பதிந்துள்ள இந்நிகழ்ச்சியை உமர் (ரலி) அவர்களின் இளகிய நெஞ்சுக்குச் சான்றாக நாம் மேடைதோறும் கூறுகிறோம். யானும் கூறியிருக்கிறேன். ஆனால் பிள்ளையின் அழுகைக்குக் காரணம் தாயின் வயிற்றிலும் தாய் வாழும் வீட்டின் வழக்கிலும் இருக்கக்கூடும் என்பதை அந்நிகழ்ச்சி நமக்குச் சொல்கிறதென்பது எனக்கு வெகுநாள் உறைக்கவில்லை. உறைத்த விதத்தைப் பின்னர்க் கூறுவேன்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் கீழைக்கரையில் கோட்டைப்பட்டினம், கோபாலப்பட்டினம், அம்மாப்பட்டினம் முதலிய ஊர்கள் உள்ளன. 1974 சனவரியில் இம்மாவட்டம் அமையுமுன் இப்பகுதி தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மேற்கே அன்னவாசல், இலுப்பூர்ப் பக்கத்து ராவுத்தர் குடும்பங்கள் ஹனபி வழியினர்; கடற்கரையில் ஷாபிஈ வழியினர் மிகுதி. மத்ஹபு வேறாயினும் பிள்ளை பெற்றவளின் பத்தியத்தில் இருசாராருக்கும், அவர்தம் அண்டை வீட்டு இந்து, கிறித்தவக் குடும்பத்தாருக்கும் பெரிய வேற்றுமை கிடையாது. பூண்டு, மிளகு, சுக்கு, பேறுகால லேகியம், பால்சுறாப் புட்டு, முருங்கைக்கீரை ஆகியவை ஏற்கத்தக்கன. பலாப்பழம், வாழைக்காய், கத்தரிக்காய், மாங்காய், இறால், நண்டு ஆகியவை ஆகாதன. தாய் உண்டது பாலில் இறங்கிப் பிள்ளைக்கு மாந்தம் உண்டாக்கும் என்பதே இதன் அடிப்படை. சித்த மருத்துவத்தின் பாலவாகட நூல்களில் மாந்தம் என்பது தனித்தலைப்பாகவே நிற்கிறது. அதன் வகைகள் பலவாக எண்ணப்படுகின்றன. வசம்பைச் சுட்டு உரைத்துத் தடவுவதும், அதன் பெயரை இரவில் சொல்ல அஞ்சிப் 'பேர் சொல்லா மருந்து' என்று குறிப்பதும், 'பிள்ளை வளர்ப்பான்' என்று கொண்டாடுவதும் இந்த அச்சத்தின் வழி வந்தவையே. (வசம்பைப் பிள்ளையின் வாயில் ஊட்டலாகாது என்று இன்றைய மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர்.)

இனி அரபு மருத்துவ நூல்களைப் பார்ப்போம். பிள்ளைப் பிணிகளுக்கென்றே தனிநூல் செய்த முன்னோடி அபூபக்ர் அர்ராஸீ (865–925). அது இலத்தீனுக்குச் சென்று ஐரோப்பாவில் நெடுங்காலம் பயிலப்பட்டது. அதே ராஸீ, வசந்த காலத்தில் ரோசா மலரை முகர்ந்தால் அபூஸைத் அல்பல்கீ என்னும் அறிஞருக்கு நீர்க்கோவை பிடிப்பது ஏன் என்று ஒரு சிறு நிருபமும் எழுதினார். எல்லாருக்கும் இனியதாயிருக்கும் பொருள் ஒருவருக்கு மட்டும் ஒவ்வாமல் போவதை இத்தனை கூர்மையாக நோக்கிய பழைய ஏடுகள் குறைவு. 'அலர்ஜி' என்ற சொல்லையே வியன்னா மருத்துவர் கிளெமன்ஸ் ஃபொன் பிர்க்கே 1906-இல்தான் ஆக்கினார்.

இப்னு ஸீனாவின் (980–1037) 'கானூன்' முதற்பாகத்தில் பாலூட்டுவது பற்றிய இயல் உண்டு. தாய்ப்பாலே பிள்ளைக்கு மிக உகந்தது என்று தொடங்குகிறார். பாலின் பதம் அறிய ஒரு துளியை நகத்தின்மேல் விட்டுப் பார்க்கச் சொல்கிறார். விட்டவுடன் ஓடினால் நீர்த்தது, நகத்தைச் சாய்த்தும் ஓடாவிட்டால் தடித்தது. பாலூட்டுபவளுக்கு நல்ல கோதுமையும், ஆட்டுக்குட்டி இறைச்சியும், மீனும், வாதுமையும் கொடுக்கச் சொல்கிறார். கடுகும் வேறு சில காரக் கீரைகளும் பாலைக் கெடுக்கும் என்றும், புதினாவிலும் அக்குணம் சிறிது உண்டு என்றும் எழுதுகிறார். பிள்ளைக்கு இரண்டு பொருள்கள் இன்றியமையாதன என்கிறார்: ஒன்று மென்மையாக ஆட்டுதல், மற்றது பாடி உறங்க வைத்தல். முன்னது உடலுக்கு, பின்னது உயிருக்கு. நம் பெண்களின் தூளியும் தாலாட்டும் ஷைக்குர் ரயீஸின் கூற்றில் இடம்பெறுவதைக் கண்டு மகிழாத ஆசிரியர் இருக்க முடியாது.

ஆயினும் இப்பெருமக்கள் ஓரிடத்தில் வழுவினர். பேற்றுக்குப்பின் வரும் முதற்பால் தடித்தது. ஆதலின் தொடக்கத்தில் வேறொருத்தி பாலூட்டுவதே நலம் என்னும் கருத்து கிரேக்க மருத்துவ வழியாக அவர்களிடம் வந்து சேர்ந்தது. டமஸ்கஸ் அறிஞர் இப்னுல் கையிம் (1292–1350) தம் 'துஹ்ஃபதுல் மவ்தூத்' நூலிலும் இதனையே வழிமொழிகிறார். நம் நாட்டிலும் அவ்வாறே; சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே விட்டுச் சர்க்கரைத் தண்ணீரைச் சேனையாக வைத்த வீடுகள் எத்தனை!

ஆனால் ஃபிக்ஹு நூலார் அவ்வழி செல்லவில்லை. மத்ரஸாவில் யாம் ஓதிய இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' ஒரு சிறு வாக்கியத்தில் தீர்ப்புக் கூறிவிடுகிறது: 'லிபஃ' எனப்படும் முதற்பாலைத் தன் பிள்ளைக்கு ஊட்டுவது தாயின்மேல் கடமை. அதன் பின்னர் ஊட்ட வேறு எவரும் உளரா என்பதெல்லாம் அடுத்த பேச்சு. அது இன்றிப் பிள்ளை பெரும்பாலும் பிழைப்பதில்லை என்று உரையாசிரியர்கள் காரணம் கூறுவர். அதற்கும் ஊதியம் கேட்கும் உரிமை அவளுக்கு உண்டு என்றும் எழுதினர். நவவீ (ரஹ்) 1277-இல் மறைந்தார்கள். பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் இன்று வலியுறுத்துவதை ஏழு நூற்றாண்டுகளாக நம் கிதாபு வைத்திருந்தது. கிதாபு ஓதிய ஆலிமின் வீட்டிலேயே அடுப்படியில் சீம்பால் கொட்டப்பட்டது என்பது வேறு கதை. அப்பாடத்தை நாம் ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமே நடத்தினோம்.

திருமறையின் அல்பகரா அத்தியாயம் 233-ஆம் வசனம் பாலூட்டும் காலத்தை முழு இரண்டு ஆண்டு என்று சொல்லும்போதே, அத்தாயின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பில் வைக்கிறது. பிள்ளையின் பொருட்டுத் தாய் துன்புறுத்தப்படலாகாது என்றும் விதிக்கிறது. பிள்ளைக்குக் கெடுதி வரும் என்று அஞ்சினால் பாலூட்டும் பெண் ரமளான் நோன்பையே விட்டுப் பின்னர் நிறைவேற்றலாம். ஷாபிஈ வழியில் அதனோடு ஃபித்யாவும் உண்டு. கடமையான நோன்பையே தள்ளிவைத்த ஷரீஅத், மாமியார் விதித்த பத்திய நோன்பை ஒப்புமா?

இங்குதான் என் கதை வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் என் மகளின் தலைப்பிரசவம். மூன்றாம் வாரம் தொடங்கியதும் பிள்ளை மஃரிபு முதல் இஷா கழிந்தும் கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு அலறும். வீட்டுப் பெரிய உம்மாமார் வழக்கமான விலக்குகளோடு முட்டை, பருப்பு, பசும்பால் ஆகியவற்றையும் நிறுத்தினர். நானோ 'கானூனை' எடுத்து வந்து, கடுகையும் புதினாவையும் சேர்த்து நிறுத்தச் சொன்னேன். பண்டிதன் சொல்லுக்கு மறுசொல் ஏது? ஓரத்தில் நின்ற மகள், "வாப்பா, எனக்குப் பசிக்குது" என்றாள். பிள்ளைக்காகப் பொறுத்துக்கொள்ளம்மா என்றேன். நாற்பது நாள் கழிவதற்குள் அவள் கன்னம் ஒட்டியது, பால் சுருங்கியது, அழுகை மாலையோடு நில்லாமல் பகலுக்கும் பரவியது. மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது, அங்கிருந்த பெண் மருத்துவர் பிள்ளையைத் தராசில் வைத்தார். பிறகு பிள்ளையை விட்டுவிட்டு என் மகளைப் பார்த்து, நேற்றுக் காலை முதல் என்னென்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். அவள் சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

வீடு திரும்பி 'கானூனின்' அதே பக்கத்தைப் பார்த்தேன். விலக்க வேண்டியவற்றுக்கு முன்னால் கோதுமையும், இறைச்சியும், மீனும், வாதுமையும் இருந்தன. பின்பாதியை மட்டும் மனப்பாடம் செய்தவன் நான்.

அப்படியாயின், தாய் உண்பது பிள்ளைக்கு ஒவ்வாது என்பது வெறும் மூடநம்பிக்கையா? அவ்வாறும் சொல்லிவிட இயலாது. 1978-இல் ஸ்வீடன் நாட்டு மருத்துவர்களான ஐரீன் யாகோப்சன், டோர் லிண்ட்பெர்க் ஆகிய இருவரும், தாய்ப்பால் மட்டுமே குடித்து ஓயாது அழும் 19 பிள்ளைகளின் தாய்மாரைப் பசும்பாலை நிறுத்தச் செய்தனர். 13 பிள்ளைகளின் அழுகை விரைவில் அடங்கியது. தாய்மார் மீண்டும் பால் அருந்தியபோது அவற்றுள் 12 பிள்ளைகளுக்கு அது திரும்பி வந்தது. பசும்பாலின் புரதத்துகள் தாயின் குடல் வழியே இரத்தத்தில் கலந்து முலைப்பாலிலும் சிறிதளவு இறங்குவது பின்னர் அளந்தே காட்டப்பட்டது. ஆகவே நம் பெண்களின் ஊகத்தில் உண்மை உண்டு. எந்தப் பொருள் என்பதில்தான் பிழை. கத்தரிக்காயையும் வாழைக்காயையும் விலக்கிய வீடு, வலுவுக்கென்று இருவேளை பசும்பாலை ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

எனினும் இது அரிது. டென்மார்க்கில் 1,749 பிள்ளைகளைப் பிறந்தது முதல் தொடர்ந்து நோக்கி 1988-இல் வெளியிட்ட ஆய்வில், தாய்ப்பால் மட்டும் குடிக்கும்போதே பசும்பால் ஒவ்வாமை கண்டவர் 9 பேரே. மலத்தில் இரத்தம், தோலில் கரப்பான், தொடர்ந்த வாந்தி, எடை ஏறாமை ஆகியவை அதன் குறிகள். அவ்வாறிருப்பின் மருத்துவர் சொற்படி ஒரே ஒரு பொருளைச் சில வாரம் நிறுத்திப் பார்த்துப் பின் மறுபடி சேர்த்துப் பார்ப்பதே முறை. பயன் தெரியாவிட்டால் அப்பொருளை மீண்டும் இலையில் வைக்க வேண்டும். மற்றைப் பிள்ளைகளின் மாலை அழுகை பிறந்து ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்தை அடைந்து, மூன்று நான்கு மாதத்தில் தானே தணிகிறது. நாளொன்றுக்கு மூன்று மணி, வாரத்தில் மூன்று நாள், மூன்று வாரம் என்று 1954-இல் வெஸல் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவர்தம் குழுவினரும் இதற்கொரு கணக்கும் வகுத்தனர். பிள்ளையின் அழுகையால் பெற்றோர் கலங்க வேண்டாம் என்று இப்னுல் கையிம் எழுதியதும் இவ்வழுகையைக் கண்டே போலும்.

கலங்கினால் நேர்வது யாது? பால் ஒவ்வவில்லை என்று முடிவு கட்டித் தகரடப்பாவுக்குத் தாவுவது. நம் கடற்கரையார் மலேயாவும் சிங்கப்பூரும் சென்று பொருளீட்டிய காலத்தில் ஊருக்குக் கொண்டுவந்த பண்டங்களுள் இனிப்பூட்டிய டப்பாப் பாலும் ஒன்று. அதே சிங்கப்பூரில் 1939-இல், சிஸிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர் ரோட்டரி சங்கத்தார் முன் நின்று 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் பேசினார். பொருந்தாத பாலைத் தாய்மாரிடம் திணிக்கும் விளம்பரத்தைக் கொலையென்றே கருத வேண்டும் என்று அவர் வணிகர்களின் முகத்துக்கு நேரே சொன்னார். இந்தியாவில் குழந்தைப் பால் மாற்றுப்பொருள் விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் 1992-இல்தான் வந்தது. கிரைப் வாட்டரின் கதையும் இத்தகையதே. 1851-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் வில்லியம் உட்வர்டு கூட்டிய அந்நீரில் சதகுப்பையோடு மதுசாரமும் இருந்தது. அழுகை அடங்கியதில் வியப்பென்ன?

புதுக்கோட்டை என்றதும் ஒரு பெண்மணியை நினையாதிருக்க இயலாது. 1886-இல் அங்குப் பிறந்து, ஆண்கள் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் இடம்பெற்று, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி. பேறுகாலப் பெண்களின் உணவுக்கும் மருந்துக்குமாகத் தமிழக அரசு வழங்கும் நிதியுதவி இன்று அவர் பெயரையே தாங்குகிறது. என் மகளும் அதனைப் பெற்றாள். அத்தொகை வந்த அன்று அது யாருடைய உணவுக்கென்று நம் வீட்டில் எவரும் கேட்கவில்லை. பிள்ளைக்கு அரைஞாண் வாங்கும் பேச்சுத்தான் நடந்தது.

மருத்துவர் சொன்னபடி பத்தியத்தைக் கலைத்தோம். பருப்பும் முட்டையும் புதினாத் துவையலும் இலைக்கு வந்தன. பசும்பாலை மட்டும் இரண்டு வாரம் நிறுத்திப் பார்த்ததில் வேறுபாடு தெரியாததால் அதுவும் திரும்ப வந்தது. பிள்ளையின் எடை ஏறியது; மாலை அழுகையோ மூன்றரை மாதம் வரை இருக்கத்தான் செய்தது. பெரிய உம்மாமார் தூளி ஆட்டிப் பாடினார்கள். நான் திண்ணையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன், கிதாபை எடுக்கவில்லை.