ஓரெழுத்து வழக்கு

மூலத்திற்கும் உரைக்கும் இடையே எத்துணைத் தொலைவு இருக்கலாம் என்னும் வினா இலக்கியம் பயில்வோர்க்குப் புதியதன்று. உரையாசிரியர் பாடலின் உட்பொருளை வெளிக்கொணர்கிறாரா, அன்றித் தம் கருத்தை அதன்மேல் ஏற்றிச் சொல்கிறாரா என்பது பற்றி நம் வட்டத்தின் அமர்வுகளிலும் வாதங்கள் எழுந்ததுண்டு. இசையுலகிலும் இதே வினா உண்டு. அங்கு உரையாசிரியரின் இடத்தில் நிற்பவர் பாடகர். மேடை நாடகத்திற்கென ஒருவர் எழுதிய பாடலை, நாடகத்திலிருந்து பிரித்தெடுத்துத் தம் வாழ்க்கையின் குரலாக மற்றொருவர் பாடும்பொழுது, அப்பாடல் யாருடையது?

'ஆன்ம இசையின் தலைமைப் பூசாரி' என்று பொருள்படும் பட்டத்தால் அறியப்பட்ட அமெரிக்கப் பாடகி நீனா சிமோனின் இசைத்தட்டுகளைக் கேட்போரிடையே இவ்வினா இன்றும் ஓயவில்லை. 'ஐ லவ்ஸ் யூ, போர்கி' என்னும் நாடகப் பாடலை அவர் பாடிய முறையை எடுத்துக்கொண்டு, அவ்வினாவை வரலாற்றுப் பின்னணியில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். வழக்கின் நடுவே நிற்பது ஆங்கில நெடுங்கணக்கின் ஓரெழுத்து.

முதலில் மூலத்தைக் காண்போம். தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் நகரைச் சேர்ந்த வெள்ளையரான டுபோஸ் ஹேவர்ட், 1925-இல் 'போர்கி' என்னும் புதினத்தை வெளியிட்டார். அந்நகரின் ஏழைக் கறுப்பின மக்களின் குடியிருப்பொன்றே அதன் களம். கால் நடக்கவியலாத இரவலன் போர்கி. அவனிடம் அடைக்கலம் புகும் பெஸ். அவளை வன்மையால் ஆட்கொண்ட கிரவுன். இக்கதை 1927-இல் நாடகமாயிற்று. ஜார்ஜ் கெர்ஷ்வின் 1934-ஆம் ஆண்டுக் கோடையில் சார்ல்ஸ்டனை அடுத்த ஃபாலி தீவில் தங்கி, அப்பகுதி மக்களின் பாட்டையும் வழிபாட்டையும் கேட்டு, இதனை இசைநாடகமாக்கினார். பாடல்களை ஹேவர்டும் ஜார்ஜின் தமையனார் ஐரா கெர்ஷ்வினும் எழுதினர். 1935-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் நியூயார்க்கில் அரங்கேறிய 'போர்கி அண்ட் பெஸ்' 124 முறை மட்டுமே நடந்தது. அதன் பெரும்புகழைக் காணாமலே 1937-இல் ஜார்ஜ் கெர்ஷ்வின் மறைந்தார்.

நாம் பேசும் பாடல் இந்நாடகத்தின் இரண்டாம் அங்கத்தில் வருகிறது. மூலத்தில் அது தனிப்பாடல் அன்று. பெஸ்ஸும் போர்கியும் மாறி மாறிப் பாடும் இருவர் பாடல். கிரவுன் திரும்பி வந்து தன்னைக் கவர்ந்து செல்வான் என்றும், அவன் முன் தன் மனவுறுதி நில்லாது என்றும் அவள் அஞ்சுகிறாள். தன்னைக் காக்குமாறு போர்கியிடம் வேண்டுகிறாள். இனி அஞ்ச வேண்டா என்று அவன் மறுமொழி தருகிறான். பாடலின் தலைப்பிலுள்ள 'லவ்ஸ்' என்ற சொல், கடலோரக் கறுப்பின மக்களின் பேச்சைக் காட்டுவதற்காக நூலாசிரியர்கள் இட்ட வடிவம். இலக்கண ஆங்கிலத்தின்படி தன்மை இடத்தில் அவ்விறுதி எழுத்து வரலாகாது.

இனி, பாடியவரைக் காண்போம். யூனிஸ் கேத்லீன் வேமன் 1933-இல் வட கரோலினாவின் டிரையன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தாயார் மெதடிஸ்ட் சபையின் போதகர். வெள்ளையர் இல்லத்தில் பணிப்பெண்ணாகவும் உழைத்தவர். சிறுமியின் திறன் கண்ட அவ்வில்லத்தார் பியானோ பயில உதவினர். பன்னிரண்டு வயதில் அவர் முதற்கச்சேரி செய்ய அமர்ந்தபோது, முன்வரிசையில் இருந்த பெற்றோரை வெள்ளையர்க்கு இடமளிக்கும் பொருட்டுப் பின்னுக்கு அனுப்பினர். அவர்கள் மீண்டும் முன்வரிசைக்கு வரும்வரை வாசிக்க மறுத்ததாக அவர் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். பாஹின் இசையில் தோய்ந்து, செவ்வியல் இசைக் கலைஞராக விரும்பிய அவருக்கு 1951-இல் ஃபிலடெல்ஃபியாவின் கர்ட்டிஸ் இசைக்கழகம் இடம் மறுத்தது. நிறமே காரணம் என்று அவர் வாழ்நாள் முழுதும் நம்பினார். 1954-இல் அட்லாண்டிக் சிட்டியின் மதுக்கூடம் ஒன்றில் வாசிக்கத் தொடங்கியபோது, தாயார் அறியாதிருக்கப் பெயரை மாற்றிக்கொண்டார். நீனா சிமோன் பிறந்தது அவ்வாறே.

பில்லி ஹாலிடே 1948-இல் பதிவு செய்திருந்த 'போர்கி' பாடலைக் கேட்டு, நீனா தம் வழியில் பாடத் தொடங்கினார். அவருடைய முதல் இசைத்தட்டில் இடம்பெற்ற இப்பாடல் 1959-இல் அமெரிக்காவின் முதல் இருபது விற்பனைப் பாடல்களுள் ஒன்றாயிற்று. அதில் போர்கியின் மறுமொழி இல்லை. பின்னணியில் பியானோவும் அடங்கிய தாளமும் மட்டுமே. ஓங்கிய நாடகக் குரலுக்கு மாறாகத் தாழ்ந்த குரலில், அவசரமின்றிச் சொற்கள் வருகின்றன. தலைப்பில் 'லவ்ஸ்' என்று அச்சாகியிருக்க, நீனாவோ 'லவ்' என்றே பாடுகிறார். 'எஸ்' என்னும் எழுத்து உதிர்ந்துவிட்டது.

இவ்விடத்தில்தான் வழக்குத் தொடங்குகிறது. இப்பாடலை விரும்புவோரை இரு சாராராகப் பகுக்கலாம். மூலத்தின்மேல் பற்றுடையோர் வைக்கும் வாதம் இது: பாத்திரம் எவ்வாறு பேசுகிறதோ அவ்வாறே பாட வேண்டும். பெஸ் கற்றறிந்த பெண் அல்லள். அவள் மொழியைத் திருத்துவது அவளைத் திருத்துவதாகும். மேலும், சார்ல்ஸ்டன் கடலோரத்தில் வழங்கும் குல்லா மொழி, சிதைந்த ஆங்கிலம் அன்று. மொழியியலாளர் லொரன்ஸோ டோ டர்னர் 1949-இல் வெளியிட்ட நூலில், அம்மொழியில் ஆப்பிரிக்க மொழிகளின் சொற்களும் பெயர்களும் ஆயிரக்கணக்கில் வாழ்வதை நிறுவினார். அத்தகைய மொழியின் அடையாளத்தை நீக்குவது பெருமையா, சிறுமையா?

நீனாவின் பற்றாளர் கூறும் மறுப்பும் வலுவானதே. ஏட்டிலுள்ள மொழி குல்லா மக்கள் தாமே எழுதியதன்று. வெள்ளைப் படைப்பாளர் தம் செவிக்கு எட்டியவாறு எழுதியது. கறுப்பின மக்கள் பிழைபடப் பேசுவதாகக் காட்டிச் சிரிக்கவைத்த மேடை மரபு அமெரிக்காவில் நூறாண்டுக்கு மேற்பட்டது. பாடுபவர் அவ்வெழுத்தை விடும்பொழுது, கேட்போரின் கவனம் பேச்சின் விநோதத்தில் நில்லாமல் பெண்ணின் அச்சத்தின்மீது செல்கிறது.

இவ்விரு வாதங்களுக்கும் நடுவே ஒரு செய்தி பலராலும் கருதப்படுவதில்லை. குல்லா மொழி தென் கரோலினா, ஜார்ஜியா கடலோரத்துக்குரியது. டிரையனோ, வட கரோலினாவின் மேற்குப் பகுதியில் மலையடிவாரத்தில் இருக்கிறது. எனவே நீனா உதறியது தம் தாய்மொழியை அன்று. தமக்கு உரியதல்லாத ஒரு பேச்சைத் தம் நிறத்தின் காரணமாகவே தமதென ஏற்க அவர் மறுத்தார் என்று கொள்வதே பொருந்தும் எனத் தோன்றுகிறது. பெற்றோரைப் பின்வரிசைக்கு அனுப்பியபோது வாசிக்க மறுத்த சிறுமியின் மறுப்பும் இதுவும் ஒரே வேரினின்று கிளைத்தவை.

1959 என்னும் ஆண்டும் கருதத்தக்கது. நீனாவின் பாடல் பரவிய அதே ஆண்டில்தான் ஆட்டோ பிரெமிங்கர் இயக்கிய 'போர்கி அண்ட் பெஸ்' திரைப்படம் வெளிவந்தது. ஹாரி பெலஃபாண்டே அதில் நடிக்க மறுத்தார். சிட்னி பொய்ட்டியே தயக்கத்துடன் நடித்தார். நாடக ஆசிரியை லொரெய்ன் ஹேன்ஸ்பெரி தொலைக்காட்சி விவாதமொன்றில் பிரெமிங்கரை நேர்நின்று எதிர்த்து வாதிட்டார். அந்த ஹேன்ஸ்பெரியே பின்னர் நீனாவின் நெருங்கிய தோழியாகி, அவரை அரசியல் உணர்வின்பால் ஈர்த்தவர். ஒரே படைப்பை ஒருவர் சொல்லால் எதிர்த்தார். மற்றொருவர் உள்ளிருந்து மாற்றினார்.

நீனா இவ்வழியில் மேலும் சென்றார். 1964-இல் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் 'பைரேட் ஜென்னி'யைப் பாடினார். 1928-இல் பெர்லினில் அரங்கேறிய பிரெக்ட்–வைல் இசைநாடகத்தின் பாடல் அது: விடுதியில் தரை துடைக்கும் பணிப்பெண், தன்னை இகழ்ந்தோரைப் பழிவாங்கக் கப்பல் வரும் என்று காத்திருப்பது. நீனா அவ்விடுதியை அமெரிக்கத் தெற்கின் ஊரொன்றுக்கு மாற்றினார். முந்தைய ஆண்டில் பர்மிங்ஹாம் தேவாலயத்தில் வைத்த குண்டுக்கு நான்கு சிறுமியர் பலியாகியிருந்தனர். பணிப்பெண்ணின் மகள் அவ்வரிகளைப் பாடும்பொழுது, அது நாடகப் பாடலாக எவ்வாறு நிற்கும்? அக்கொலைகளுக்கு எதிராகத் தாம் எழுதிய 'மிசிசிப்பி காட்டாம்' பாடலையும் அதே அரங்கில் பாடிய அவர், அது ஒரு நாடகப் பாடல், ஆனால் அந்நாடகம் இன்னும் எழுதப்படவில்லை என்று அவையோரிடம் கூறினார். அவர் கலையின் திறவுகோல் இக்கூற்றில் உள்ளது. பிறர் எழுதிய நாடகப் பாடலை நாடகத்திலிருந்து விடுவித்தார். தம் பாடலுக்கோ வெளியே நடக்கும் வரலாற்றையே நாடகமாக்கினார்.

1968-இல் 'ஹேர்' என்னும் இசைநாடகத்தின் இரு பாடல்களை அவர் ஒன்றாக இணைத்தார். தம்மிடம் இல்லாதவற்றை அடுக்கும் பாடல் ஒன்று. உடலையும் உயிரையும் உடைமையாகக் கொண்டாடும் பாடல் மற்றொன்று. மேடையில் இவற்றைப் பாடியோர் ஹிப்பி இளைஞர். வீடும் பொருளும் இல்லை என்பது அவர்களுட் பலர்க்குத் தெரிந்தெடுத்த வாழ்வு. முன்னோர் பிறர் உடைமையாக விற்கப்பட்ட ஓர் இனத்தின் பெண் தன் கையையும் தலையையும் தன்னுடையவை என்று எண்ணிச் சொல்லும்பொழுது, அதே சொற்கள் வேறு எடை பெறுகின்றன. பிரிட்டனில் அப்பாடல் விற்பனை வரிசையில் இரண்டாம் இடம் பெற்றது.

மூலத்தைக் காப்போர் அஞ்சுவது போல, இத்தகைய மாற்றங்களால் மூலம் அழிகிறதா? வரலாறு அவ்வாறு காட்டவில்லை. மூலமே அசையாது நின்றதில்லை. 'பைரேட் ஜென்னி' முதலில் பாலி என்னும் பாத்திரத்துக்குரியதாக இருந்து, 1931-ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் ஜென்னியிடம் சென்றது. 'போர்கி அண்ட் பெஸ்'ஸின் பகுதிகளைக் கெர்ஷ்வினே அரங்கேற்றத்துக்கு முன் நீக்கினார். 1942-ஆம் ஆண்டு மறு அரங்கேற்றத்தில் இசையுரையாடல்கள் வெறும் பேச்சாயின. 1976-இல் ஹூஸ்டன் இசைநாடகக் குழு முழு வடிவத்தை மீட்டது. நீனாவின் பாட்டைக் கேட்டபின் மூலத்தை நாடிச் சென்றோரும் உளர்.

எனினும், மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. போர்கியின் மறுமொழியை நீக்கியதால் ஓர் இழப்பு நேர்ந்தது. நாடகத்தில் அடைக்கலம் கேட்டவளுக்கு ஒரு கணமேனும் அடைக்கலம் கிட்டுகிறது. நீனாவின் பாட்டில் வேண்டுகோள் மட்டுமே உண்டு, விடை இல்லை. இதனைக் குறையெனக் கருதுவோரை நாம் பழிக்க இயலாது. அவ்விடையின்மையே இப்பாட்டின் உண்மை என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

உரிமை பற்றிய இறுதிச் செய்தி ஒன்றுண்டு. தம் முதல் இசைத்தட்டின் உரிமையை நீனா 3,000 டாலருக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். அதனால் இழந்த பெருந்தொகையை எண்ணிப் பின்னாளில் வருந்தினார். பாட்டு சட்டப்படி கெர்ஷ்வின் வழியினருக்கும், பதிவு நிறுவனத்துக்கும் உரியது. பாடியவர்க்கு எஞ்சியது, அவர் விட்ட ஓரெழுத்தின் மௌனம் மட்டுமே. 2003-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் ஃபிரான்சில் அவர் மறைந்தார். அதற்கு இரு நாள் முன்னர், ஒருகாலத்தில் இடம் மறுத்த கர்ட்டிஸ் கழகம் அவருக்கு மதிப்புறு பட்டம் வழங்கியது. விடை வந்தது; காலந்தாழ்ந்து வந்தது. போர்கியின் குரலற்ற அந்தப் பாட்டை மீண்டும் கேட்போர்க்கு, இவ்வழக்கில் யார் பக்கம் நிற்பது என்பது தாமே விளங்கும்.