மூலிகைப் பெட்ரோல் வந்த வருஷம்

1996-ல எங்க தோட்டத்துக் கெணத்துக்குக் கரண்டு கெடயாதுங்க. டீசல் எஞ்சின்தான். கேனை சைக்கிள்ல கட்டிக்கிட்டு மேட்டுப்பாளையம் ரோட்டுக்குப் போய் டீசல் வாங்கிட்டு வர்றதே பாதி நாள் வேலை. அப்பத்தான் பேப்பர்ல அந்தச் செய்தி வந்துச்சு. ராஜபாளையம் பக்கம் இடையன்குளத்துக்காரர் ராமர் பிள்ளை, பள்ளிக்கூடப் படிப்பைக்கூட முடிக்காதவர், தண்ணியில மூலிகையைப் போட்டுக் காய்ச்சி பெட்ரோல் எடுத்துட்டாராம்.

பெரியநாயக்கன்பாளையம் டீக்கடையில வேற பேச்சே இல்லை. டெல்லி ஐஐடியில செஞ்சு காட்டினார், மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை ஆளுகளே அசந்துட்டாங்கன்னு படிச்சப்ப, எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் போயிருச்சு. அத்தனை படிச்சவங்க ஏமாறுவாங்களா?

எங்க அய்யன் ரெண்டாவது வரைக்கும்தான் படிச்சவர். பேப்பரை நான் படிச்சுக் காட்டுனதும் ஒண்ணே ஒண்ணு கேட்டார். "தண்ணியில எண்ணெய் இல்லை. அப்பறம் அது எங்கிருந்து வருது? அந்த ஒரு கைத் தழையில இருந்தா?"

நானும் பத்தாவது வரைக்கும் படிச்சவன்தான். பெட்ரோல்னா கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்ததுன்னு பாடத்துல வந்திருக்கு. தண்ணியில ஹைட்ரஜன் இருக்கு, கார்பன் துளியும் இல்லை. அப்ப அது மொத்தமும் தழையில இருந்துதான் வந்தாகணும். எத்தனை மூட்டை தழை வேணும்? கணக்கு எனக்கே போட வந்திருக்கும், போடலை. ஆசை கண்ணை மறைச்சிருச்சு.

அப்பறம் சென்னை ஐஐடியில அதே மாதிரி செஞ்சு பாத்தாங்க. விஷயம் தழையில இல்லை, கலக்குற குச்சியில. குழல் மாதிரி குச்சிக்குள்ள எண்ணெயை வச்சு மெழுகால அடைச்சிருந்தா, சூட்டுல மெழுகு உருகி எண்ணெய் மேல மிதக்கும். அவரோட குச்சியை விடாதப்ப பெட்ரோலும் வரலை. லேப்காரங்க தழையையும் தண்ணியையும் பாத்தாங்க, கையைப் பாக்கலை. எங்க ஊரு பால் சொசைட்டியில அளக்குறவர்கிட்ட விட்டிருந்தா அன்னிக்கே புடிச்சிருப்பார். பால்ல தண்ணி கலக்குறது எங்கெங்கன்னு அவருக்கு அத்துப்படி.

அதோட முடியலைங்க. 1999, 2000-ல சென்னைப் பக்கம் அவர் பேர்ல எரிபொருள் வித்தாங்க. டொலுவீன், நாப்தா மாதிரி சமாச்சாரங்களைக் கலந்ததுன்னு சிபிஐ கேஸ் போட்டுச்சு. 2016-ல சென்னை எழும்பூர் கோர்ட்டுல அவருக்கும் கூட இருந்த நாலு பேருக்கும் மூணு வருஷம் தண்டனைன்னு தீர்ப்பு. தண்ணி பெட்ரோலாச்சுன்னு கத்துன பேப்பர்ல இந்தச் செய்தி எந்த மூலையில வந்துச்சோ. நான் தற்செயலாத்தான் பாத்தேன்.

என் பங்குக்கு நானும் ஒண்ணு செஞ்சேன், சொல்லிடறேன். செய்தி சூடா இருக்கறப்பவே, "அதே மூலிகை நாத்து"ன்னு ஒருத்தன் மொபெட்ல வந்தான். எருமைப்பால் காசு முந்நூறு ரூபா அய்யனுக்குத் தெரியாம குடுத்து முப்பது நாத்து வாங்கி வரப்போரம் நட்டேன். நல்லாத்தான் தழைஞ்சுது. வெள்ளாடு எட்டிக்கூடப் பாக்கலை. அய்யன் ஒருநாள் ஒரு செடியைப் புடுங்கி மோந்து பாத்துட்டு எம் மூஞ்சியைப் பாத்தார். ஒண்ணும் கேக்கலை. டீசல் கேனை எடுத்து சைக்கிள் கேரியர்ல வச்சார்.