ஹாம்பிள்டனும் நைட்டிம்பரும்

தென் இங்கிலாந்தில் திராட்சை வளர்ப்பவருக்கு வெயில் என்றுமே பற்றாக்குறைதான். ஏப்ரல் கடைசியில் கொடி தளிர்க்கும் நேரம் பார்த்து உறைபனி இறங்கும். வரிசைகளுக்கு இடையே மெழுகு வாளிகளைக் கொளுத்தி வைத்து விடிய விடியக் காவல் இருப்பார்கள். பூக்கும் சமயம் மழை பிடித்துக்கொண்டால் காய் பிடிக்காது. இத்தனையும் தாண்டி அக்டோபரில் பறிக்கும் குலைகளில் சர்க்கரை குறைவு, புளிப்பு தூக்கல். இந்தப் புளிப்பை என்ன செய்வது? இரண்டு தோட்டங்கள் இரண்டு விதமாகப் பதில் சொல்லின.

ஹாம்ப்ஷயரின் ஹாம்பிள்டனில் 1950-களின் தொடக்கத்தில் கொடி நட்டவர் மேஜர் ஜெனரல் சர் கை சாலிஸ்பரி-ஜோன்ஸ். பிரான்சில் ராணுவப் பொறுப்பில் இருந்து திரும்பியவர். ஊரின் வானிலைக்கு ஏற்ற கொடியைத் தேடி, செய்வால் பிளாங் என்ற கலப்பினத்தைத் தேர்ந்தெடுத்தார். அது சீக்கிரம் பழுக்கும், பூஞ்சணத்தைத் தாங்கும், நன்றாகக் காய்க்கும். அவர் எடுத்தது நுரையில்லாத வெள்ளை ஒயின். அவ்வகை ஒயினை அடுத்த ஆண்டே விற்றுவிடலாம்.

மேற்கு சசெக்ஸின் நைட்டிம்பருக்கு அமெரிக்காவிலிருந்து வந்த ஸ்டூவர்ட், சாண்டி மாஸ் தம்பதி 1988-ல் நட்டவை ஷார்டனே, பினோ நுவார், பினோ மெனியே. மூன்றும் ஷாம்பெயின் வட்டாரத்துத் திராட்சைகள். இந்தக் குளிரில் முழுதாகப் பழுக்கத் திணறுபவை. பூஞ்சணத்துக்கும் எளிதில் இரையாகும். ஆனால் நுரை ஒயினுக்குத் திராட்சை முழுதாகப் பழுக்க வேண்டியதே இல்லை. புளிப்புதான் அதன் முதுகெலும்பு. முதல் நொதிப்பு முடிந்த ஒயினைச் சீசாவில் அடைத்து, சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து மூடினால் உள்ளேயே மறுபடி நொதித்து நுரை கட்டும். செத்த ஈஸ்ட் வண்டலோடு ஆண்டுக்கணக்கில் கிடக்கும்போது கூர்மை தணிந்து ரொட்டி மணம் ஏறும். பிறகு சீசாவைச் சிறிது சிறிதாகத் திருப்பித் தலைகீழாக்கி, கழுத்தில் இறங்கிய வண்டலை உறைய வைத்து மூடியைத் திறந்தால், உள்ளழுத்தமே பனிக்கட்டியோடு வண்டலை வெளியே தள்ளிவிடும்.

சாலிஸ்பரி-ஜோன்ஸ் வானிலைக்கேற்ற கொடியைத் தேடினார்; மாஸ் தம்பதி அந்த வானிலையின் புளிப்பையே கேட்கும் ஒயினைத் தேடினார்கள். இரண்டாவது யோசனையே ஆழமானது என்பேன். ஹாம்பிள்டனும் கைமாறிய பின், இந்த நூற்றாண்டில் அந்த மூன்று திராட்சைகளுக்கே வந்து சேர்ந்தது. ஆனால் பண விஷயத்தில் நியாயம் வேறு. கொடி காய்க்க மூன்று ஆண்டு, சீசா முதிர இன்னும் சில ஆண்டு. அதுவரை போட்ட முதல் திரும்பாது. ஆறு ஏக்கர் வைத்திருப்பவருக்கு அது பெரும் பாரம். செய்வால் போன்ற கொடிகள்தான் அவரைப் போன்றவர்களைத் தொழிலுக்குள் வரவிட்டன.

லூயிஸ் நகருக்கு அருகே பிரேக்கி பாட்டம் என்ற சிறு தோட்டத்தில் 1974-ல் நடத் தொடங்கிய பீட்டர் ஹால், செய்வாலைக் கைவிடவில்லை. முதலில் நுரையில்லாத ஒயின் எடுத்தவர், பின்னாளில் அதே செய்வாலைச் சீசாவுக்குள் நுரை கட்ட வைத்தார். அந்த ஒயின்களுக்கு நல்ல பெயரும் கிடைத்தது.