கரித்தூளும் கண்ணுக்குத் தெரியாத எழுத்தும்

தப்பா அடிச்சா 'தப்பா அடிச்சுட்டேன்'னு தானே எழுதிக் குடுக்கிற பிரிண்டரைப் பார்த்திருக்கீங்களா? ஆர்.எஃப்.ஐ.டி. லேபிள் பிரிண்டர் அந்த ஜாதி. லேபிளுக்குள்ள இருக்கிற சிப்புல நம்பரை எழுதும். எழுதினதைத் திருப்பிப் படிச்சுப் பார்க்கும். ஒத்து வரலைன்னா அந்த லேபிள் மேலேயே பெரிசா 'வாய்டு'ன்னு அடிச்சு வெளிய துப்பிட்டு, அதே நம்பரை அடுத்த லேபிள்ல எழுதப் போயிடும். பொட்டி தட்டுற பொழப்புல கொஞ்ச நாளா இந்த வகைப் பிரிண்டருக்கு ஆணை அனுப்புற மென்பொருள்லதான் நான் ஆணி புடுங்கிட்டிருக்கேன். மனுஷங்களே சுலபத்துல ஒத்துக்காத ஒரு விஷயத்தை இந்த மெஷின் எங்க கத்துக்கிச்சுன்னு தோண்டப் போனா, அறுபது வருஷத்து அழுக்கு கிடைச்சுது. நிஜமாவே அழுக்கு.

அழுக்கைப் பத்தி நெய்வேலிக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 1956-ல கார்ப்பரேஷன் ஆரம்பிச்சு, 1957-ல சுரங்கம் வெட்டத் தொடங்கி, 1962-ல கரண்ட் எடுத்த ஊரு. எங்க ஊர்ல பழுப்பு நிலக்கரி பெரும்பாலும் ரயில் ஏறாது. சுரங்கத்துலேருந்து பெல்ட்டுலயே படுத்துக்கிட்டு அனல்மின் நிலையத்துக்குப் போயிடும். அது போற வழியெல்லாம் தூள். அப்பா ஷிஃப்ட் முடிச்சு வரும்போது ஹெல்மெட்ல எழுதியிருக்கிற பேரும் நம்பரும் மங்கிப் போயிருக்கும். கட்டை விரலால ஒரு தேய் தேய்ச்சா தெரியும். மனுஷன் படிக்கிற எழுத்துக்கு இந்த வசதி ஒண்ணு இருக்கு: தெரியலைன்னா தெரியலைன்னு தெரியும், துடைச்சும் பார்க்கலாம். வட்டம் நம்பர், குவார்ட்டர்ஸ் நம்பர், ஊழியர் நம்பர்னு நம்பராலேயே ஆன ஊர்ல வளர்ந்தவனுக்கு இது ரொம்ப சாதாரணமாப் பட்டுச்சு. மெஷினுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு அமெரிக்க ரயில்வே கதையைப் படிச்சப்பதான் புரிஞ்சுது.

அமெரிக்காவுல ஒரு சரக்கு வேகன் பல கம்பெனிகளோட தண்டவாளத்துல சுத்தும். எந்த வேகன் எங்க நிக்குதுன்னு கண்டுபிடிக்கிறதே பெரும்பாடு. நம்ம ஊர் யார்டுல ட்ரெயின்ஸ் கிளார்க் நோட்டும் பேனாவுமா வண்டி நெடுக நடந்து நம்பர் குறிச்ச மாதிரிதான் அங்கேயும். டேவிட் காலின்ஸ்ங்கிறவர் சில்வேனியா கம்பெனியில இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சார். பேரு கார்ட்ராக். வேகன் பக்கவாட்டுல கலர் கலரா பட்டைகள், ஒண்ணுக்கு மேல ஒண்ணா மொத்தம் 13. வெளிச்சம் அடிச்சா அப்படியே திருப்பி அனுப்புற பட்டைகள். தண்டவாளம் ஓரத்துல ஒரு பெட்டி வெளிச்சம் அடிச்சு, திரும்பி வர்ற நிறத்தை வெச்சு நம்பரைப் படிச்சுடும். கடையில சோப்பு டப்பா மேல பார்கோடு வர்றதுக்கு முன்னாடியே ரயிலுக்கு பார்கோடு வந்தாச்சு! 1967-ல அமெரிக்க ரயில்வே சங்கம் இதைத்தான் பொதுவான முறையா ஏத்துக்கிச்சு. லட்சக்கணக்கான வேகன்ல ஒட்டினாங்க.

கொஞ்ச வருஷம்தான். நிலக்கரி, சேறு, பனி, கிரீஸ் எல்லாம் ஏறி உட்கார்ந்துச்சு. பட்டையைத் துடைக்க யாரும் இல்லை. 1970-களோட நடுவுல பார்த்தா அஞ்சுல ஒரு லேபிள் படிக்க முடியாத நிலைமை. 1970-களோட கடைசியில மொத்தமா ஊத்தி மூடிட்டாங்க. இத்தனைக்கும் 13-ல ஒரு பட்டை சரிபார்ப்பு எண்ணுக்குன்னே ஒதுக்கியிருந்தாங்க. மத்த எண்களை வெச்சுக் கணக்குப் போட்டு அந்தக் கடைசி எண் வருதான்னு பார்க்கிறது. தப்பாப் படிச்சா கண்டுபிடிக்கும். படிக்கவே முடியலைன்னா அதால என்ன பண்ண முடியும்?

(நம்ம இந்திய ரயில்வே வேகன்லயும் இந்தச் சரிபார்ப்பு எண் உண்டு. அடுத்த தடவை கேட்டுல கூட்ஸ் வண்டிக்காக நிக்கும்போது பாருங்க, 11 இலக்கம். முதல் ரெண்டு வேகன் வகை, அடுத்த ரெண்டு எந்த ரயில்வேயோடது, அடுத்த ரெண்டு செஞ்ச வருஷம், அப்புறம் நாலு இலக்கம் வேகனோட சொந்த நம்பர், பதினொண்ணாவது சரிபார்ப்பு எண். கொசுவத்தி சுத்தாம மேட்டருக்கு வரேன்.)

வெளிச்சம் அழுக்கை ஊடுருவாது, ரேடியோ அலை ஊடுருவும். இந்தச் சங்கதி அதுக்கு ரொம்ப முன்னாடியே தெரியும். ரெண்டாம் உலகப்போர்ல வர்ற விமானம் நம்மளோடதா எதிரியோடதான்னு ரேடியோவுல கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாங்க. 1945-ல மாஸ்கோவுல அமெரிக்கத் தூதருக்கு சோவியத் பள்ளிப் பசங்க மரத்துல செதுக்கின ஒரு சின்னத்தைப் பரிசாக் குடுத்தாங்க. அதுக்குள்ள லியோன் தெரமின் செஞ்ச ஒட்டுக்கேட்பான் இருந்துச்சு. பேட்டரி கிடையாது. வெளியேருந்து ரேடியோ அலை அடிச்சா மட்டும் உயிர் வந்து, உள்ள பேசுறதைச் சுமந்து திருப்பி அனுப்பும். 1952-லதான் கண்டுபிடிச்சாங்க. ஏழு வருஷம் தூதர் வீட்டுச் சுவத்துலேயே தொங்கியிருக்கு :-) இன்னைக்கு உங்க கார் கண்ணாடியில ஒட்டியிருக்கிற ஃபாஸ்டேக்கும் அதே மாதிரி அடுத்தவன் அனுப்புற அலையில உயிர் வாழ்ற ஜீவன்தான். 1948-ல ஹாரி ஸ்டாக்மன், திருப்பி அனுப்புற அலையாலேயே செய்தி சொல்லலாம்னு கட்டுரை எழுதினார். 1971-ல மரியோ கார்டுல்லோ நினைவகம் வெச்ச ஒரு டேக்கைக் காட்டினார். யாருக்குன்னு நினைக்கிறீங்க? நியூயார்க் துறைமுக ஆணையத்துக்கு, சுங்கச்சாவடி வசூலுக்கு!

ரயில்வேக்காரங்க சூடு கண்ட பூனை. பார்கோடுல பட்டதுக்கு அப்புறம் பத்து வருஷத்துக்கு மேல யோசிச்சு, 1991-ல ரேடியோ டேக்கைக் கட்டாயமாக்கினாங்க. லாஸ் அலமாஸ் ஆய்வகத்துலேருந்து கிளம்பின ஆம்டெக் கம்பெனியோட தொழில்நுட்பம். வேகனுக்கு ரெண்டு டேக், பக்கத்துக்கு ஒண்ணு. 1994 முடியறதுக்குள்ள பத்து லட்சத்துக்கும் மேல வேகன்ல மாட்டி முடிச்சாங்க. அழுக்குப் பிரச்சினை தீர்ந்துச்சு.

தீர்ந்த இடத்துலதான் வேற ஒண்ணு முளைச்சுது. பட்டை அழுக்கானா கண்ணுக்குத் தெரியும். டேக் செத்துப் போனா தெரியாது. வெளிய பளபளன்னு புதுசா இருக்கும், உள்ள ஒண்ணும் இருக்காது. அதே மாதிரி வெளிய அடிச்ச நம்பர் ஒண்ணு, உள்ள எழுதின நம்பர் வேற ஒண்ணா இருந்தாலும் பார்க்கிறவனுக்குத் தெரிய வழியே இல்லை.

ரயில் டேக் எண்ணிக்கையில கொஞ்சம், விலை ஜாஸ்தி, அதனால ஒவ்வொண்ணாப் பார்த்துப் பார்த்துச் செய்யலாம். 1999-ல எம்.ஐ.டி.யில ஆட்டோ-ஐடி மையம் ஆரம்பிச்சப்போ இந்தக் கணக்கு மாறுச்சு. அதை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர் சஞ்சய் சர்மா, நம்ம கான்பூர் ஐ.ஐ.டி.யில படிச்சவர். அவங்க யோசனை எளிமையானது: டேக்ல கதையெல்லாம் எழுதாதே, ஒரு நம்பர் மட்டும் போதும், மிச்சத்தை நெட்வொர்க்ல வெச்சுக்கோ. அப்போ சிப்பு சின்னதாகும், விலை குறையும், ஒவ்வொரு அட்டைப்பெட்டி மேலேயும் ஒட்டலாம். 2003-ல வால்மார்ட், முக்கியமான 100 சப்ளையர்கள் 2005 ஜனவரிக்குள்ள டேக் ஒட்டி அனுப்பணும்னு சொல்லிடுச்சு. அவனவன் அலறியடிச்சுக்கிட்டு லேபிள் அடிக்கக் கிளம்பினான். ஒட்டின பிறகு பார்த்தா தண்ணி பாட்டில் பெட்டி படிக்காது, டின் பெட்டி படிக்காது. தண்ணி அலையைக் குடிச்சுடும், உலோகம் திருப்பி அடிச்சுக் குழப்பிடும். 2004 டிசம்பர்ல 'ஜென் 2' தரம் வந்த பிறகுதான் ஒரு ஒழுங்கு வந்துச்சு.

இப்போ பிரிண்டருக்குள்ள என்ன நடக்குதுன்னு சொல்றேன். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். ரோலா சுத்தின லேபிள். ஒவ்வொரு லேபிளுக்கு உள்ளேயும் மெல்லிசா ஒரு உலோக ஆண்டெனா, நடுவுல எள்ளை விடச் சின்னதா ஒரு சிப்பு. அதுல நாலு அறை. ஒண்ணு கடவுச்சொற்களுக்கு, அதுல ஒரு கடவுச்சொல் டேக்கையே நிரந்தரமாக் கொல்றதுக்கு. ரெண்டாவது அறையிலதான் நாம எழுதுற நம்பர். வழக்கமா 96 பிட். மூணாவது, தொழிற்சாலையில வெக்கிற பிறப்பு அடையாளம். நாலாவதுல வேணும்னா நம்ம குறிப்பு, நிறைய டேக்ல அந்த அறையே இருக்காது.

பிரிண்டர் முதல்ல எழுதும், அப்புறம்தான் அச்சடிக்கும். அச்சுத் தலை பக்கத்துலேயே குட்டி ஆண்டெனா. லேபிள் நகர்ந்து சிப்பு சரியா அதுக்கு நேரா வரணும். சில மில்லிமீட்டர் தள்ளிப் போனா பக்கத்து லேபிள் நடுவுல புகுந்து 'உள்ளேன் ஐயா' சொல்லிடும். அதுக்காகப் பவரைக் குறைச்சு, ஒவ்வொரு ரோலுக்கும் இடம் அளந்து வெக்கணும். சிப்பு இருக்கிற இடம் லேசாப் புடைச்சிருக்கும். அதுக்கு மேல அச்சடிச்சா எழுத்தும் விட்டுப்போகும், சிப்பும் நசுங்கும். வறண்ட ஏ.சி. ரூம்ல ஸ்டேட்டிக் கரண்ட் ஒரு தட்டு தட்டினா சிப்பு காலி.

எல்லாத்தையும் விட ஆபத்து, ஒண்ணு தள்ளிப் போறது. உள்ள எழுதுறதை ஒரு மெஷின்லயும் வெளிய அச்சடிக்கிறதை இன்னொண்ணுலயும் செய்றாங்கன்னு வைங்க. நடுவுல ஒரு லேபிள் பாழாகி அதைக் கணக்குல எடுக்காம விட்டா, அதுக்கப்புறம் வர்ற ஒவ்வொரு லேபிளும் அடுத்தவன் நம்பரைச் சுமக்கும். எல்லாமே நல்லாப் படிக்கும், எல்லாமே தப்பு. 'வாய்டு' அடிக்கிறது, எழுதினதைத் திருப்பிப் படிச்சு அச்சுல இருக்கிறதோட ஒத்துப் பார்க்கிறது எல்லாம் இதுக்காகத்தான். கார்ட்ராக்ல கட்டை விரல் செஞ்சிருக்க வேண்டிய வேலை.

நம்ம நாட்டுக்கு வருவோம். 2005-ல 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் லைசென்ஸ் இல்லாமப் பயன்படுத்தலாம்னு அரசு திறந்து விட்டுச்சு. 2010-ல நந்தன் நீலகேணி குழு, சுங்கச்சாவடிக்கு பேட்டரி இல்லாத இந்த டேக்தான் சரின்னு பரிந்துரை பண்ணுச்சு. 2014-ல ஃபாஸ்டேக். 2017 டிசம்பர்லேருந்து புது நாலு சக்கர வண்டிக்குக் கட்டாயம். 2021 பிப்ரவரி 15 நள்ளிரவுலேருந்து எல்லா லேனும் ஃபாஸ்டேக் லேன், இல்லாதவனுக்கு ரெட்டைக் கட்டணம். ரயில்வேயும் 2018-ல ஜிஎஸ்1 இந்தியாவோட கைகோர்த்து, வேகன், கோச்சுகளுக்கு டேக் மாட்டப் போறதா அறிவிச்சுது. விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர்னு மூணு சாவடியிலயும் காசு எண்ணிக்கிட்டு நின்ன காலம் போயிடுச்சுன்னு சந்தோஷம்தான்.

ஆனா நான் சொல்ல வந்தது வேற. வேலை நிமித்தமா ஒரு தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். பேரு வேண்டாம், நம்ம ஊரும் இல்லை. அங்க கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கு டேக் வெச்ச அட்டை. கேட்டைத் தாண்டி நடந்தாலே வருகைப் பதிவு ஆயிடும். ஒரு அண்ணனுக்கு வாரத்துல ரெண்டு நாள் வெளிய போன பதிவு விழறதில்லை. விழலைன்னா அரை நாள் கூலி கட். ஆபீஸ் மேஜை மேல வெச்சுப் படிச்சா அட்டை அருமையா வேலை செய்யுது. 'மெஷின் பொய் சொல்லாதுப்பா'ன்னு சூப்பர்வைசர் முடிச்சுட்டார். அந்த அண்ணன் வேலை பார்க்கிறது ஃபர்னஸ் பக்கத்துல. அட்டை இருக்கிறது சட்டைப் பையில, வேர்வையில ஊறி நெஞ்சோட ஒட்டிக்கிட்டு. வால்மார்ட் தண்ணி பாட்டில் கதைதான். மனுஷ உடம்பும் பெரும்பாலும் தண்ணிதானே. அட்டையைக் கயிறு போட்டு நெஞ்சுல படாம வெளிய தொங்கவிடச் சொன்னேன், உடனே படிச்சுது. வெட்டின கூலி திரும்ப வந்துச்சா அண்ணேன்னு அடுத்த தடவை கேட்டேன். "விடுங்க தம்பி, இனிமே வெட்டாம இருந்தா சரி"ன்னார்.

பிரிண்டர்ல பாஸ், மேஜையில பாஸ், கேட்டுல ஃபெயில். சோதனை பண்ண இடமும் பயன்படுத்துற இடமும் வேற வேற. நடுவுல விழற பள்ளத்துக்கு யார் காசு குடுக்கிறதுங்கிறதுதான் கேள்வி.

சுங்கச்சாவடி விஷயத்துல இந்தக் கேள்விக்கு எழுத்துல பதில் இருக்கு, நிறைய பேருக்குத் தெரியாது. 2018 மே மாச அறிவிக்கை: உங்க ஃபாஸ்டேக் செல்லுபடியாகி, நல்லா வேலை செஞ்சு, சாவடியோட கருவி கோளாறால பணம் எடுக்க முடியலைன்னா, கட்டணம் இல்லாமலே விடணும். பூஜ்யத் தொகைக்கு ரசீதும் கட்டாயம் குடுக்கணும். 2025 நவம்பர் 15-லேருந்து டேக் இல்லாத, செல்லாத டேக் வெச்ச வண்டிக்கு ரொக்கமா குடுத்தா ரெண்டு மடங்கு, யு.பி.ஐ.ல குடுத்தா ஒண்ணேகால் மடங்குன்னு மாத்தினாங்க. படிக்காதது மெஷின் குத்தம்னா முழுசா இலவசம். காருல போறவனுக்கு இப்படி ஒரு வரி இருக்கு. அட்டையை நெஞ்சுல சுமந்துக்கிட்டு நடந்து போறவனுக்கு இதே மாதிரி ஒரு வரி, நான் இதுவரைக்கும் படிச்ச எந்த கேட் சிஸ்டம் டெண்டர்லயும் இல்லை.