பத்தாங்கட்டையில் ஒரு நிலையம்: எண்ணிக்கையின் வரலாறு

வரலாறு என்றதும் நம் புத்தி கோட்டை, கல்வெட்டு, வம்சாவளி என்றுதான் ஓடுகிறது. ஒரு இலகு ரயில் நிலையத்துக்கு, அதுவும் இருபது வருஷம்கூட முழுசாக வாழாத ஒன்றுக்கு, வரலாறு எழுதுவதா என்று கேட்கலாம். சிங்கப்பூரின் வடமேற்குப் புறநகரான புக்கிட் பாஞ்சாங்கில் 'டென் மைல் ஜங்ஷன்' நிலையம் 1999 நவம்பர் 6ஆம் தேதி திறக்கப்பட்டது. 2019 ஜனவரி 13ஆம் தேதி நிரந்தரமாக மூடப்பட்டது. அந்நாட்டின் எம்ஆர்டி, எல்ஆர்டி வலைப்பின்னலில் ஒரு நிலையம் நிரந்தரமாக மூடப்பட்டது அதுவே முதல் தடவை. காரணம் சுருக்கமாகச் சொல்லப்பட்டது: பயணிகள் குறைவு. இந்தச் சுருக்கம்தான் என்னை உறுத்துகிறது.

பெயரிலிருந்து தொடங்குவோம். தீவின் குறுக்காகக் கிராஞ்சி வரை போடப்பட்ட சாலையில் நகர மையத்திலிருந்து பத்தாவது மைல். அங்கே சுவா சூ காங் சாலை வந்து சேர்கிறது. காலனியத்துக்கு அந்த இடம் ஒரு தூர அளவு மட்டுமே. மிளகும் கம்பீரும் பயிரான உள்நாட்டை நகரத்தோடு கட்டிப்போட்ட கோட்டில் ஒரு புள்ளி. சிங்கப்பூரின் பழைய சாலைகள் பலவற்றை வெட்டியவர்கள் 1825 முதல் இந்தியாவிலிருந்து நாடுகடத்திக் கொண்டுவரப்பட்ட கைதிகள் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் மைல்கல்லைச் சுற்றி ஆட்கள் குடியேறியதும் எண் ஊராகிவிடுகிறது. மலாயில் மைலுக்கு 'பத்து', அதாவது கல். மலேயாத் தமிழர் அதைக் 'கட்டை' என்றார்கள். மூணாங்கட்டை, ஏழாங்கட்டை, பத்தாங்கட்டை. தமிழ் 'பத்து'வும் மலாய் 'பத்து'வும் இந்த ஒரு இடத்தில் மோதிக்கொள்வது தற்செயல்தான். ஆனாலும் ரசிக்காமல் இருக்க முடியவில்லை. ஆள்பவனின் அளவுகோலை எடுத்து ஆளப்படுகிறவர்கள் தங்கள் ஊர்ப்பெயராக்கிக்கொண்டார்கள் என்பதுதான் விஷயம்.

1970களில் சிங்கப்பூர் மெட்ரிக் முறைக்கு மாறியது. மைல் போயிற்று. மைலின் பெயர் போகவில்லை. அரசு கைவிட்ட அளவையை 1999இல் அதே அரசின் அதிநவீனத் தானியங்கி வண்டி தன் நிலையப் பெயராகச் சுமந்து வந்தது. அந்தத் தடத்தின் மற்ற பெயர்களைப் பாருங்கள்: பெட்டீர் என்றால் இடி, ஃபஜார் என்றால் விடியல், செஞ்சா என்றால் அந்தி. ஃபஜாரில் ஏறினால் மூன்றாவது நிறுத்தத்தில் அந்தி வந்துவிடும். அழகான பெயர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் டென் மைலில் இருந்த நடையின் களைப்பு அவற்றில் இல்லை.

இனி தடம். சிங்கப்பூரின் முதல் இலகு ரயில் இது. பதினான்கு நிலையங்கள், 7.8 கிலோமீட்டர், ரப்பர் சக்கரம், ஓட்டுநர் கிடையாது. ஒற்றைப் பெட்டியாகவோ இரட்டைப் பெட்டியாகவோ வரும். சுவா சூ காங் எம்ஆர்டி நிலையத்தில் தொடங்கி வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளுக்கு நடுவே வளைந்து நெளிந்து ஒரு வட்டம் போட்டுத் திரும்புகிறது. நகரம் கட்டப்பட்ட பிறகு கிடைத்த இடுக்கில் தடத்தைச் செருகினார்கள். இதைச் சொன்னது எதிர்க்கட்சி அல்ல; அரசியல் நெருக்குதலில் பின்யோசனையாகச் சேர்க்கப்பட்ட தடம் என்று அன்றைய போக்குவரத்து அமைச்சர் காவ் பூன் வானே 2017இல் ஒத்துக்கொண்டார். திட்டமிடலின் பெருங்கதையாடலுக்குப் பேர்போன ஒரு நாட்டில் இப்படியொரு வாக்குமூலம் சாமான்யமானதல்ல.

இடுக்கில் செருகியதன் விளைவு ஜன்னலில் தெரிந்தது. வண்டி வீடுகளுக்கு அவ்வளவு அருகே போகிறது. சமையலறையும் படுக்கையறையும் கண்ணுக்கு நேரே வரும். ஆகவே கண்ணாடிக்கு மின்சாரம் கொடுத்தார்கள். வீடு நெருங்கும்போது ஜன்னல் தானாகவே பனி படர்ந்ததுபோல் மங்கிவிடும். வீடு கடந்ததும் தெளியும். மிஷேல் தெ செர்த்தோ ரயில் பயணத்தைப் பற்றி எழுதும்போது, கண்ணாடி பார்க்க அனுமதிக்கிறது, ஆனால் விலக்கியும் வைக்கிறது என்கிறார். இங்கே கண்ணாடி அதற்கும் ஒரு படி மேலே போய், எதைப் பார்க்கலாம் என்பதையும் தீர்மானிக்கிறது. ஃபூக்கோவின் கண்காணிப்புக் கோபுரத்தில் பார்க்கிறவன் மறைந்திருப்பான், பார்க்கப்படுகிறவன் வெளிச்சத்தில் இருப்பான். இங்கே இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் குருடாக்குகிறது யந்திரம். இது வீட்டுக்காரரின் அந்தரங்கத்துக்கு மரியாதை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அண்டை வீட்டாரைக் கண்டும் காணாமல் போகும் பழைய நாகரிகம் ஒன்று கிராமத்தில் இருந்ததே, கதவு திறந்திருந்தாலும் உள்ளே எட்டிப் பார்க்காமல் நடக்கிற நாகரிகம். அந்தப் பொறுப்பை மனிதனிடமிருந்து வாங்கிக் கண்ணாடியிடம் கொடுத்தாயிற்று.

டென் மைல் ஜங்ஷன் நிலையம் தரையில் இல்லை. ஒரு கடைத்தொகுதிக் கட்டடத்தின் மேல்தளத்தில், ரயில் பணிமனைக்குப் பக்கத்தில் இருந்தது. அதாவது நிலையத்தின் வசதி என்பதே கீழே இருந்த கடைகள்தாம். சாமான் வாங்க வந்தவன் ரயிலேறலாம், ரயிலில் வந்தவன் சாமான் வாங்கலாம் என்பது கணக்கு. இந்தக் கணக்கில் நிலையம் கடையின் விருந்தாளி. 2010 டிசம்பர் 10ஆம் தேதி கடைத்தொகுதியைப் புதுப்பிப்பதற்காக நிலையத்தையும் மூடினார்கள். மறு வருஷம் டிசம்பர் 30இல்தான் திறந்தார்கள். ஒரு பொதுப் போக்குவரத்து நிலையம் தனியார் கட்டடத்தின் மராமத்துக்காக ஒரு வருஷத்துக்கு மேல் காத்துக்கிடந்தது. திரும்பி வந்தபோது கடைத்தொகுதியின் பெயர் 'ஜங்ஷன் 10'. மைல் கழன்று விழுந்துவிட்டது. பத்து என்ன பத்து என்று கேட்டால் பதில் கிடையாது. மேலே எழும்பிய தனியார் குடியிருப்புக்கு 'டென்னரி' என்று பெயர்; அதற்குள்ளும் அந்த அனாதைப் பத்து ஒளிந்திருக்கிறது.

அதே 2011இல் பக்கத்தில் இன்னொரு சாவு. சுவா சூ காங் சாலையைக் குறுக்கே வெட்டிப்போன மலாயா ரயில் ஜூன் 30ஆம் தேதியோடு நின்றது. அந்தக் கடவுப்பாதையில் கதவை இறக்க ஓர் ஆள் இருந்தார். அந்த ரயிலுக்காக மக்கள் அழுதார்கள், படம் பிடித்தார்கள். தடம் இன்று நடைபாதையாகப் பாதுகாக்கப்படுகிறது. டென் மைல் நிலையத்துக்கு அப்படி எதுவும் நேரவில்லை. ஏக்கத்துக்குக்கூட ஒரு குறைந்தபட்ச வயது தேவைப்படுகிறது போலும்.

பயணிகள் குறைவு என்பது பொய்யல்ல. புக்கிட் பாஞ்சாங் நிலையம் நடக்கும் தூரம்தான். 2015 டிசம்பர் 27இல் அங்கே டவுன்டவுன் தடமும் வந்துவிட்டது. மூடலுக்கு எதிராக நான் கொடி பிடிக்கவில்லை. ஆனால் எண்ணிக்கை வானத்திலிருந்து விழுவதில்லை. வட்டத்தை விட்டு விலகிய ஒரு கிளையின் முனையில் நிலையத்தை வைக்கிறார்கள். எல்லா வண்டியும் அங்கே போவதில்லை. 'சி' என்ற சேவை மட்டும் போகிறது. பிறகு ஆட்களை எண்ணிப் பார்த்து, குறைவு என்கிறார்கள். விளிம்பில் வைத்தவர்களே விளிம்பைக் காரணமாகக் காட்டுகிறார்கள். மைல் எண்ணிய கை போட்ட இடத்தைத் தலை எண்ணிய கை அழித்தது. இரண்டு எண்ணிக்கைக்கும் நடுவில் அங்கே குடியிருந்தவர்கள் எண்ணாமல் புழங்கிய பெயர் ஒன்று இருந்தது. அதைப் பதிவு செய்யும் கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை.

2018இல் தடத்தைப் புதுப்பிக்க 344 மில்லியன் வெள்ளிக்கு ஒப்பந்தம் போட்டார்கள். நிலையங்கள் இப்போது பதின்மூன்று. மூடப்பட்டதன் குறியீட்டு எண் பதினான்கு. வரிசையின் கடைசி எண் என்பதால், எடுத்தபோது பட்டியலில் ஓட்டைகூடத் தெரியவில்லை.