சுமந்தவரும் சுவைத்தவரும்

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளை நோக்கி வடக்கே செல்லும் நெடுஞ்சாலைக்கு மேற்கே, சிறு குன்றுகளும் வயல்வெளிகளும் சூழ அமைந்த ஊர் பல்லேபொல. இலங்கைக் கிராமங்கள் பலவற்றிலும் போலவே அவ்வட்டாரத்திலும் வீடு தேடி வந்த விருந்தினர்க்கு முதலில் அளிப்பது தேநீரே. பால் கலவாத வெறுந்தேநீர். அதில் தட்டிப் போட்ட இஞ்சி. பக்கத்தில் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி. கருப்பட்டியைச் சிறிது கடித்துக்கொண்டு சூடான தேநீரை ஒரு வாய் உறிஞ்சுவது பழைய வழக்கம். இனிப்பும் துவர்ப்பும் காரமும் ஒன்றன்பின் ஒன்றாக நாவில் எழுந்து அடங்குகின்றன.

இம்மூன்றனுள் இஞ்சியும் கருப்பட்டியும் நெடுங்காலமாக இல்லங்களில் புழங்கியவை. தேயிலையோ நேற்று வந்தது எனலாம். அது வந்த வழியையும், அதனைச் சுமந்தவர் யார், சுவைத்தவர் யார் என்பதையும் ஆராய்ந்தால், ஒரு சிறு கிண்ணத்துள் ஒரு பெரிய வரலாறு அடங்கியிருப்பது புலனாகும்.

தேயிலையின் தாயகம் சீனம். எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த லூ யூ என்னும் சீன அறிஞர் தேயிலைக்கென்றே ஒரு நூல் இயற்றினார். இலையைப் பறிக்கும் முறை, நீரின் தன்மை, கிண்ணத்தின் நிறம் ஆகிய அனைத்தையும் அவர் அதில் ஆராய்ந்தார். அக்காலத்து மக்கள் தேயிலையோடு இஞ்சி, வெங்காயம், தோடம்பழத் தோல், புதினா முதலியவற்றை இட்டுக் கொதிக்க வைத்துக் குடித்தனர். லூ யூவுக்கு இது பிடிக்கவில்லை. அத்தகைய பானத்தைச் சாக்கடை நீருக்கு ஒப்பிட்டு இகழ்ந்தார். ஆனால் மக்கள் கேட்டாரல்லர். பிற்காலச் சீனரே தேயிலையையும் மல்லிகை மலர்களையும் அடுக்கடுக்காகப் பரப்பி, இரவு முழுவதும் மணமேற்றும் கலையை வளர்த்தனர். மலரின் மணத்தை இலை தானாகவே ஈர்த்துக்கொள்ளும். ஐரோப்பியர் பெர்கமொட் என்னும் எலுமிச்சை இனக் கனியின் தைலத்தைச் சேர்த்தனர்; பிரித்தானியப் பிரதமராயிருந்த கிரே பிரபுவின் பெயரால் இன்றும் வழங்குவது அவ்வகையே. தனி இலையின் சுவையா, கலப்பின் சுவையா என்னும் வழக்கு, ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாகத் தீராத வழக்கு.

இலங்கைக்குத் தேயிலை வந்தது, கோப்பியின் வீழ்ச்சியினால். 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆங்கிலேயர் கண்டிச் சீமையின் காடுகளை அழித்துக் கோப்பி பயிரிட்டனர். மாத்தளை மலைகளிலும் கோப்பித் தோட்டங்கள் பல எழுந்தன. 1869-ஆம் ஆண்டில் கோப்பி இலைகளில் துருப்போன்ற ஒரு பூஞ்சண நோய் காணப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்நோய் ஒரு பெருந்தொழிலையே சாய்த்துவிட்டது. அதற்குச் சற்று முன்னரே, 1867-இல், ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொட்லாந்துக்காரர் கண்டிக்குத் தென்கிழக்கேயுள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை நட்டிருந்தார். அவர் தம் வீட்டு விறாந்தையில் மேசையிட்டுக் கொழுந்தைக் கையினால் உருட்டச் செய்து, களிமண் அடுப்பில் கரித்தணல் மீது உலர்த்தினார். 1873-இல் இலண்டனுக்குச் சென்ற இலங்கைத் தேயிலை 23 இறாத்தல் மட்டுமே. பத்தாண்டு கழித்து, 1883 ஜூலை 30-ஆம் நாள், கொழும்பில் முதலாவது தேயிலை ஏலம் நடைபெற்றது. அதன்பின் மலைகள் யாவும் பச்சைக் கம்பளம் போர்த்தன.

கம்பளத்தை நெய்த கைகள் எவருடையவை? இங்கேதான் பல்லேபொல வட்டாரம் நம் கதைக்குள் மீண்டும் வருகின்றது. மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, தஞ்சை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் உந்தப்பட்ட தமிழ் மக்கள், பாக்கு நீரிணையைத் தோணிகளில் கடந்து மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து காடு வழியே, நூறு மைலுக்கும் மேற்பட்ட தொலைவை நடந்தே கடந்தனர். அதற்கு வடக்கு வழி என்று பெயர். தம்புள்ளையைத் தாண்டி, நாலந்தையைத் தாண்டி, மாத்தளையை அடைவது அவ்வழி. பல்லேபொலக் குன்றுகளுக்குக் கிழக்கே, கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க அண்மையில், அம்மக்கள் நடந்து சென்றனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். மாத்தளையை அடைந்தோர்க்கு அது மலைநாட்டின் வாயில். புகைவண்டிப் பாதை மாத்தளைக்கு 1880-இல் வந்தது. தலைமன்னாருக்கு 1914-இல்தான் வந்தது. அதற்கு முன் வந்தவர்க்குக் காலே வண்டி.

கோப்பிக்கும் தேயிலைக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. கோப்பிப் பழம் பறிப்பது சில மாதங்களுக்குரிய வேலை. அது முடிந்ததும் ஊர் திரும்புவோர் அநேகர். தேயிலை அவ்வாறன்று. ஏழு நாளுக்கோ பத்து நாளுக்கோ ஒருமுறை அதே செடியில் கொழுந்து கிள்ள வேண்டும். ஆண்டு முழுவதும் வேலை. ஆகவே பெண்களும் குழந்தைகளும் அடங்கிய குடும்பங்கள் தோட்டங்களிலேயே தங்க நேர்ந்தது. லயங்கள் எழுந்தன. வந்து போவோராயிருந்த மக்களை மலையகத்தின் நிலைத்த குடிகளாக்கியது தேயிலைச் செடியின் இயல்பே எனின் மிகையாகாது.

இனி, அவ்விலை கொழும்புக்குச் சென்றபின் நிகழ்வதைக் காண்போம். தரகர் நிலையத்தின் சுவைக்கூடம் வெளிச்சம் மிகுந்த ஒரு நீண்ட அறை. மேசையின்மேல் வெண்ணிறப் பீங்கான் கிண்ணங்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் உலர்ந்த தேயிலை மாதிரி ஒரு தட்டில் இருக்கும். முற்காலத்தில் ஆங்கிலேயர் ஆறு பென்ஸ் வெள்ளி நாணயத்தைத் தராசில் இட்டு, அதன் எடைக்கு இலையை நிறுத்தனர். அது மூன்று கிராமுக்குச் சற்றுக் குறைவு. பின்னர் 1980-இல் வகுக்கப்பட்ட அனைத்துலக முறைப்படி, 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம் இலை. ஊறும் நேரம் 6 நிமிடம். இது இன்பத்துக்காகக் குடிப்பதற்கு வகுத்த அளவன்று. ஒன்றோடொன்றை ஒப்பிடுவதற்கு வகுத்த அளவு.

சுவைஞர் முதலில் உலர்ந்த இலையைக் கையில் அள்ளிப் பார்க்கின்றார். அடுத்து, ஊறிய இலையை முகர்கின்றார். அது புதுச் செப்புக் காசுபோல் ஒளிர்ந்தால் நன்று; மங்கிப் பச்சையோடினால் குறை. பின்னர் ஒரு கரண்டித் தேநீரைப் பேரோசையுடன் உறிஞ்சுகின்றார். வீட்டில் குழந்தைகள் இவ்வாறு உறிஞ்சினால் பெரியோர் கண்டிப்பர். ஆயினும் காற்றோடு கலந்து உறிஞ்சும்போதுதான் மணம் தொண்டையின் பின்வழியாக மூக்கை எட்டுகின்றது. நாவில் ஒரு கணம் புரட்டிவிட்டு அவர் துப்பிவிடுகின்றார். ஒரு காலைப்பொழுதில் நூற்றுக்கணக்கான கிண்ணங்களைச் சோதிப்பவர் விழுங்குவது எங்ஙனம்?

அந்த ஒரு கணத்தில் அவர் பலவற்றை அறிகின்றார். இரண்டிலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளினரா, முற்றிய இலையையும் சேர்த்துப் பறித்தனரா. கொழுந்து சரியாக வாடிற்றா. அடுப்பில் தீய்ந்ததா என்பனவெல்லாம் அவருக்கு நாவிலே தெரியும். எந்த மலையில் விளைந்தது என்பதும் பெரும்பாலும் தெரியும். ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட கச்சான் காற்று வீசும்போது கொழுந்தில் ஒரு குளிர்மணம் ஏறுகின்றது. மேற்கே திம்புளையில் தை, மாசி மாதங்களின் வாடைக் குளிரில் விளைவது துல்லியமான சுவையுடையது. நுவரெலியாத் தேயிலை மென்மையானது, பொன்னிறம் வாய்ந்தது. 2,000 முதல் 4,000 அடி வரையிலான கண்டி, மாத்தளை மலைகளின் தேயிலை, திண்மையும் ஆழ்ந்த நிறமும் கொண்டு பாலுக்கு ஈடுகொடுப்பது.

பெட்டிகளின்மேல் காணப்படும் ஒரேஞ் பீக்கோ என்னும் பெயரைக் கண்டு, தோடம்பழச் சுவை கலந்தது என்று எண்ணுவோர் உளர். அது தவறு. பீக்கோ என்பது இளங்கொழுந்தின் வெண்பூவினைக் குறிக்கும் சீனச் சொல்லின் மருவு. ஒரேஞ் என்பது நெதர்லாந்து அரச குடும்பத்தின் பெயரை ஒட்டியது என்று பொதுவாகக் கருதப்படுகின்றது. அது இலையின் அளவைக் குறிக்கும் தரப்பெயரேயன்றிச் சுவையைக் குறிப்பதன்று. முழு இலை மெல்ல ஊறி மெல்லிய மணம் தரும். உடைந்த இலை விரைவில் சாயமிறங்கி வன்மை தரும். தூள் இன்னும் விரைவானது.

சுவைஞரின் தீர்ப்பே ஏலத்தின் விலையை உருவாக்கியது. ஆனால், அத்தீர்ப்பு கொழுந்து கிள்ளிய பெண்ணின் செவிக்கு எட்டியதில்லை. அவள் விரல்களின் பதம் சரியாயிருந்தது என்று கொழும்பிலும் இலண்டனிலும் பாராட்டினர். பாராட்டு விலையாகித் தோட்டத்து முதலாளியைச் சேர்ந்தது. சிறந்த தரங்கள் பெரும்பாலும் கப்பலேறின. லயத்து அடுப்பில் கொதித்தது தூள். அதிகாலையில் மலைக்குப் போகுமுன் அவள் குடித்தது சாயத்தண்ணி. அதனைச் சுவைக்காகவா குடித்தாள்? குளிருக்கும் பசிக்குமே குடித்தாள். தன் கையால் கிள்ளிய கொழுந்தின் உயர்ந்த மணம் இன்னதென்று அறியாமலே தலைமுறைகள் சென்றன. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. நாட்டின் பெயரை உலகெங்கும் கொண்டுசென்ற இலையை விளைவித்தோர்க்கு நாடு இல்லாதிருந்தது. அக்குறை சட்டத்தளவில் நீங்குவதற்கு 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஆயினும் லயத்து அடுப்பங்கரையிலும் கிராமத்துக் குசினியிலும் வேறொரு சுவைக்கலை பிறந்தது. தூளின் கடுமையை இஞ்சி தணித்தது. மழைக்காலத்தில் மிளகும் கொத்தமல்லியும் சேர்ந்தன. மாத்தளை மாவட்டம் வாசனைப் பயிர்களின் நிலம். மிளகு, கறுவா, கராம்பு, சாதிக்காய், வனிலா ஆகியன அம்மண்ணில் விளைகின்றன. ஏலம் நக்கிள்ஸ் மலைச்சாரலின் குளிர்நிழலில் விளைந்தது. தேயிலைக்கு முந்நூறு ஆண்டு முன்னரே போர்த்துக்கேயரையும் பின்னர் ஒல்லாந்தரையும் இத்தீவுக்கு இழுத்தது கறுவாவே. ஆக, ஐரோப்பியரின் ஆசைக்குரியவையாயிருந்த இரண்டு பொருள்கள், கறுவாவும் தேயிலையும், எளியோர் கிண்ணத்தில் ஒன்றுகூடின. இன்று கறுவாத் தேநீர், ஏலத் தேநீர் என்று அழகிய பெட்டிகளில் உலகச் சந்தைக்குச் செல்வது, அடுப்பங்கரையில் முன்னரே அறிந்த சுவைதான்.

இச்சுவைகளை வீட்டிலேயே ஒப்பிட்டு அறிதல் கடினமன்று. ஒரே இலையில் மூன்று கிண்ணம் தயாரிக்கலாம். கிண்ணத்துக்கு ஒரு தேக்கரண்டி முழு இலை போதும். அப்போது பிடித்த நீரை, கொதி வந்தவுடன் ஊற்றி, மூடி, நான்கு நிமிடம் வைத்து வடித்தல் வேண்டும். நெடுநேரம் கொதித்த நீரில் தேநீர் உயிரற்றுச் சப்பென்றிருக்கும். நெடுநேரம் ஊறிய இலையில் கசப்பு மிகும். முதற் கிண்ணம் தனித் தேநீர். இரண்டாவதில் தட்டிய ஏலக்காய் ஒன்று. மூன்றாவதில் விரல்நுனி அளவு கறுவாப்பட்டை. மூன்றையும் சீனி சேர்க்காமல், சற்று ஆறவிட்டுச் சுவைத்தால், துணைப்பொருள் இலையின் சுவையை உயர்த்துகின்றதா, மறைக்கின்றதா என்பது விளங்கும். நல்ல இலைக்கு ஏலம் அணிகலன். தீய இலைக்கு அது முகமூடி. லூ யூவின் சினத்திலும் நியாயமுண்டு. அவர் சொல்லைக் கேளாத மக்களின் நாவிலும் நியாயமுண்டு.

கொழும்பு ஏலம் 2020 முதல் கணினி வழியே நடைபெறுகின்றது. விலை கூறுவோர் ஒரே மண்டபத்தில் கூடுவதில்லை. ஆயினும் சுவைஞரின் நாவுக்கு மாற்றாக எப்பொறியும் அமரவில்லை. அவ்வாறே, கொழுந்து கிள்ளும் விரல்களின் தேர்ச்சிக்கும் நிகரான மாற்று அரிதே. கிண்ணத்தின் இரு முனைகளிலும் நிற்பவர் மனிதரே.

2023-ஆம் ஆண்டில், மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டு நிறைவெய்தியதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபயணம் புறப்பட்டது. முன்னோர் நடந்த தடத்தைப் பின்பற்றித் தம்புள்ளை, நாலந்தை வழியாக அது ஆகஸ்ட் மாதத்தில் மாத்தளையை அடைந்தது. வடக்கு வழி மீண்டும் ஒருமுறை காலடியோசை கேட்டது. முன்னோர் கேட்டது கூலி. வழித்தோன்றல்கள் கேட்டவை காணியும் கௌரவமும்.

பல்லேபொலக் குன்றோரத்தில் விருந்தினர்க்கு நீட்டப்படும் கிண்ணத்தில் இஞ்சியின் காரம் முதலில் தெரியும். கருப்பட்டியின் இனிப்பு அடுத்துத் தெரியும். இரண்டும் அடங்கியபின் நாவின் ஓரத்தில் நெடுநேரம் தங்குவது தேயிலையின் துவர்ப்பு. சுவைஞர் அத்துவர்ப்பையே தேநீரின் உயிர் என்பர். வரலாறு அறிந்தோர்க்கு அது வழிநடந்தோரின் நினைவுமாகும்.