மன்னன் ஆணையும் மரப்பொறியும்

1605 நவம்பர் 5. லண்டனில் பிரபுக்கள் சபையின் அடியில் இருந்த கிடங்கில், 36 பீப்பாய் வெடிமருந்துடன் கை பாக்ஸ் பிடிபட்டான். மன்னனையும் மந்திரிகளையும் சபையினரையும் ஒருசேர அழிக்க வகுத்த சதி அது. ஆபத்து கற்பனையன்று, அதை நாம் மறுக்கவில்லை.

கூட்டாளிகளின் பெயரைச் சொல்ல மறுத்தான் பாக்ஸ். மெல்லிய வதையில் தொடங்குக, படிப்படியாகக் கடுமையை ஏற்றுக என்று கடிதம் எழுதினான் முதலாம் ஜேம்ஸ் மன்னன். வாக்குமூலத்தின் அடியில் பாக்ஸ் இட்ட கையொப்பம் இன்றும் இருக்கிறது. எழுத்துகள் நடுங்கிச் சிதைந்து கிடக்கின்றன. சில நாள் கழித்து இட்ட ஒப்பமோ தெளிவாக இருக்கிறது. வேறு சாட்சி வேண்டுமோ?

விந்தை என்னவெனில், இங்கிலாந்தின் பொதுச் சட்டம் வதைக்கு இடந்தரவேயில்லை. மன்னனும் அவனுடைய ஆலோசனைச் சபையும் தனி ஆணை பிறப்பித்தே அதை நடத்தி வந்தனர். சட்டத்தில் இல்லாதது ஆணையில் இருந்தது!

1628-இல் மன்னன் சார்லசின் அருமை நண்பன் பக்கிங்ஹாம் கோமகனைக் கத்தியால் குத்திக் கொன்றான் பெல்டன் என்னும் படைவீரன். பின்னணியில் யார்? சொல்லாவிடில், கைகால்களைப் பிணைத்து இருபுறமும் இழுக்கும் மரப்பொறிதான் என மிரட்டினார் லண்டன் பிஷப் லாடு. அன்பைப் போதிக்கும் திருவாய்! பெல்டன் அஞ்சவில்லை. வேதனை மிகுந்தால் யார் பெயரைச் சொல்வேனோ அறியேன், பிஷப்பின் பெயரையே சொன்னாலும் சொல்வேன் என்றான். வதையால் வருவது உண்மையன்று, பெயர்களே என்பதை அப்படைவீரன் அறிந்திருந்தான்.

மன்னன் நீதிபதிகளைக் கேட்டான். நம் சட்டம் அத்தகைய தண்டனையை அறியாது என்றனர் அனைவரும் ஒருமனதாக. அந்நாளைய இங்கிலாந்து கருணை நாடன்று, பெல்டன் தூக்கிலிடப்பட்டான். ஆனால், மரப்பொறியில் ஏற்றப்படவில்லை.

2001 செப்டம்பர் 11-க்குப் பின் அச்சம் மீண்டும் அரசாண்டது. ஐயத்துக்குரிய அயல்நாட்டாரை வழக்கின்றிச் சிறையிட பிரிட்டன் சட்டம் செய்தது. அயல்நாட்டு அதிகாரிகள் வதைத்துப் பெற்ற வாக்குமூலமாயினும், பிரிட்டன் அரசுக்கு அதில் பங்கில்லையேல் ஏற்கலாம் என்று 2004-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. 2005 டிசம்பர் 8 அன்று, பிரபுக்கள் சபையின் ஏழு நீதிபதிகளும் அதைத் தள்ளினர்.

ஆயினும் ஒன்றில் பிளவு. வதையால் வந்ததென நிலைநாட்டினால்தான் விலக்கலாம் என்றனர் நால்வர். வதையால் வந்திருக்கக்கூடும் என்ற ஐயம் நீங்காவிடிலே விலக்குக என்றனர் பிங்ஹாம் உள்ளிட்ட மூவர். தனக்கெதிரான சான்றையே முழுதாகக் காணவொண்ணாத கைதி எதைக் கொண்டு எதை நிலைநாட்டுவான்? நாம் மூவர் பக்கம்.